அறுபது கிலோ பெட்ரோல் அசையாமல் இருக்க...

ரஹாங்கில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் கடல் நமக்குத் தூரமில்லை. சிரம்பானிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் போர்ட்டிக்சன் வந்துவிடும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போன மாணவர்கள், கரையோரம் கட்டிக் கிடக்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள்.

சிறிய படகாக இருந்தால், பின்பலகையில் மாட்டிய மோட்டாரும் அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்ரோல் கலனும் கண்ணெதிரே இருக்கும். தூண்டில் போட ஆட்களை ஏற்றிச் செல்லும் சற்றுப் பெரிய படகுகள் சிலவற்றில் அந்தக் கலனைக் காண முடியாது. தளத்தின் ஓரத்தில் வட்டமான ஒரு மூடி மட்டும் இருக்கும். அதைத் திறந்து எண்ணெய் ஊற்றுவார்கள். அப்படியானால் தொட்டி எங்கே? நீங்கள் நிற்கும் பலகைக்குக் கீழே, உங்கள் காலடியில்.

அந்தத் தொட்டி 80 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.75 கிலோ. ஆக 60 கிலோ. வளர்ந்த ஒரு மனிதர் தளத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு பயணம் செய்வது போலத்தான். அவர் அங்கே புரண்டாலும் யாருக்கும் தெரியாது. அவரை அசையாமல் பிடித்து வைப்பது எப்படி என்பதே இந்த வாரக் கேள்வி. விடையில் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே வருகின்றன.

எடை போடும் மூன்று வேடங்கள்

வீட்டுக்குச் சமையல் எரிவாயு கொண்டு வருபவரைக் கவனித்திருக்கிறீர்களா? மோட்டார் சைக்கிளின் பின்னால் கலனை வைத்து ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார். உள்ளே இருக்கும் எரிவாயு மட்டும் 14 கிலோ; இரும்பையும் சேர்த்தால் தூக்கவே கை வலிக்கும். "இவ்வளவு கனமான பொருள் தானாக எங்கே போய்விடும்? எதற்குக் கட்ட வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். சாலையின் வேகத் தடைமேட்டில் வண்டி ஒருமுறை ஏறி இறங்கினால் பதில் கிடைத்துவிடும்.

தளத்துக்கு அடியில் தொட்டியைப் பொருத்துபவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான்: "கனமாக இருக்கிறது, தன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்" என்று நம்புவது. தரையில் அது சரி. கடலில் எடை ஒரே மாதிரி இருப்பதில்லை. அது மூன்று வேடம் போடும்.

முதல் வேடம், மறைந்துபோவது. படகு அலையின் உச்சியிலிருந்து கீழே விழும்போது, படகும் தொட்டியும் சேர்ந்தே விழுகின்றன. அந்தக் கணத்தில் தொட்டி தன் அடிப்பலகையை அழுத்துவதே இல்லை. மின்தூக்கி கீழே இறங்கத் தொடங்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அதன் பெரிய வடிவம் இது. மேலிருந்து பிடித்துக்கொள்ள வார் இல்லாத தொட்டி இப்போது எழும்பிவிடும்.

இரண்டாவது வேடம், பெருகுவது. விழுந்த படகு தண்ணீரில் அறையும்போது மிகக் குறைந்த நேரத்தில் அதன் வேகம் நிற்கிறது. வேகம் மாறும் நேரம் குறையக் குறைய விசை கூடும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல மூன்று மடங்கு அதிர்ச்சி வந்தால், 60 கிலோ பெட்ரோல் 180 கிலோ போல அடிப்பலகையை நசுக்கும்.

மூன்றாவது வேடம், பக்கவாட்டில் தள்ளுவது. படகு 30 பாகை சாய்ந்தால் எடையில் பாதி, அதாவது 30 கிலோவின் பாரம், தொட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். படகின் மூக்கு ஓர் அலைக்குள் குத்தி வேகம் குறைந்தால், தொட்டி மட்டும் முன்னே போகப் பார்க்கும். ஓடும் பேருந்து சட்டென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதே நிலைமம்தான், பள்ளிப் பாடத்தில் இனர்சியா என்று படிக்கிறீர்கள்.

மலாக்கா நீரிணையில் நெட்டையும் நெருக்கமுமான அலைகள் எழுவது உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் பாய்ந்து வரும் புயல்காற்றை மீனவர்கள் நன்கு அறிவார்கள். அப்படிப்பட்ட கடலில் நிமிடத்துக்கு 20 அடி வாங்கும் படகு, நான்கு மணி நேரத்தில் 4,800 அடி வாங்கிவிடும். ஒவ்வோர் அடியிலும் தொட்டி இந்த மூன்று வேடத்தையும் போட்டுக் காட்டும்.

ஆறு பக்கமும் அணை

ஆகவே தொட்டிக்கு ஆறு திசையிலும் தடை வேண்டும்: கீழே, மேலே, முன்னே, பின்னே, இடம், வலம்.

கீழே, உறுதியான ஒரு மேடை. அது படகின் வெளித்தோலில் நேரடியாக உட்காரக் கூடாது. படகின் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள், குறுக்கே ஓடும் வங்குகள் ஆகியவற்றின் மேல் பாரம் இறங்க வேண்டும். வெளித்தோல் மெல்லியது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கே விரிசல் தொடங்கும். "அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது" என்ற சமன்பாட்டை நினைவில் கொள்ளுங்கள்: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்.

நான்கு பக்கமும் அடைகட்டைகள். தொட்டி வழுக்கிப் போகாமல் தடுப்பவை இவையே. இந்தக் கட்டைகளை ஃபைபர் துணியும் பிசினும் கொண்டு படகின் உடம்போடு ஒட்டி ஒன்றாக்குவார்கள். வெளித்தோலுக்குள் திருகாணியை முடுக்குவது பெரும் தவறு. அந்த ஓட்டை வழியே ஒருநாள் கடலே உள்ளே வரும்.

மேலே, குறுக்காகப் போகும் வார்கள் அல்லது உலோகப் பட்டைகள். அவற்றின் முனைகள் விட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். மேல்தளப் பலகையில் அல்ல. தளம் தொட்டியின் மேல் சாய்ந்து நிற்கவும் கூடாது. தளத்தில் ஆட்கள் குதித்து நடப்பார்கள். அந்தப் பாரம் தொட்டியின் மீது இறங்கினால் அதன் பற்றுகள் சீக்கிரம் வெடிக்கும்.

எவ்வளவு அசைவு வரை பொறுக்கலாம்? அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டு படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, பெட்ரோல் என்ஜின் உள்ளே பொருத்திய படகுகளுக்கு அந்நாட்டுக் கடலோரக் காவல் படை விதிகள் வகுத்தது. அவற்றின்படி தொட்டி தன் தாங்குமிடத்தில் எந்தத் திசையிலும் கால் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. அதாவது சுமார் 6 மில்லிமீட்டர்; ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். சில தடவையில் முறிந்துவிடும். ஒருமுறை வளைத்தபோது தாங்கிய கம்பி, பலமுறை வளைத்தபோது தாங்கவில்லை. உலோகம் களைத்துவிட்டது. தொட்டியோடு இணைந்த எண்ணெய்க் குழாயின் கழுத்துக்கும் இதே கதிதான். தொட்டி ஒரு பெரிய அலையில் பிய்ந்து போவதைவிட, சின்னச் சின்ன ஆட்டம் ஆயிரக்கணக்கில் சேர்ந்து குழாயின் கழுத்தை அறுப்பதே நடக்கக் கூடியது.

இடமும் முக்கியம். சீசா பலகையின் நுனியில் இருப்பவர் மேலும் கீழும் அதிகம் போவார். நடுவில் இருப்பவர் அவ்வளவாக அசைய மாட்டார். படகிலும் மூக்குப் பகுதி அதிகம் அடி வாங்கும். எனவே கனமான தொட்டியைக் கூடிய மட்டும் படகின் நடுப்பகுதியில், தாழ்வாக வைப்பது நல்லது. எண்ணெய் தீரத் தீரப் படகு ஒரு பக்கம் தாழ்ந்து போகாது என்பது இதில் இன்னோர் ஆதாயம்.

நிறைகுடம் தளும்பாது

இந்தப் பழமொழியை நாம் மனிதரின் குணத்துக்குச் சொல்கிறோம். அதற்குள் நல்ல இயற்பியலும் இருக்கிறது. தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தவர்களைக் கேளுங்கள். தோட்டத்தில் காண்டாவில் பால் வாளி சுமந்த தாத்தா பாட்டியையும் கேளுங்கள். நடையின் வேகம் மாறினால் வாளிக்குள் இருப்பது எப்படி அலைபாயும் என்று சொல்வார்கள்.

முழுத் தொட்டியில் எண்ணெய் ஓட இடமில்லை. பாதித் தொட்டியில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு அது ஓடும், மோதும், திரும்பும். இந்த ஓட்டத்தின் தாளமும் படகு ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால் மோதல் பெருகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரே போவது போல.

இதற்கு மருந்து, தொட்டிக்குள் வைக்கும் தடுப்புத் தகடுகள். அவற்றில் துளைகள் இருக்கும். எண்ணெய் துளை வழியே மெதுவாகப் போகலாம். மொத்தமாகப் பாய முடியாது.

தளும்பும் திரவத்துக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் அதே பக்கம் ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். இந்த விளைவு தொட்டி அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் அகலத் தொட்டியின் விளைவை 1 என்று வைத்தால், அரை மீட்டர் அகலத் தொட்டிக்கு 0.5 × 0.5 × 0.5 = 0.125. அப்படி இரண்டு தனித் தொட்டிகள் வைத்தால் மொத்தம் 0.25. எண்ணெய் அதே அளவுதான். சாய்க்கும் ஆற்றல் கால் பங்காகிவிட்டது!

கப்பல்களுக்கும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுருகே துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல், முன்கதவு திறந்திருந்த நிலையில் கிளம்பியது. தடுப்பே இல்லாத அகலமான கார் தளத்தில் புகுந்த கடல்நீர் ஒரு பக்கம் ஓடியது. கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர்.

ஈரம் தங்கும் இடுக்கு

தொட்டி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. இனி வேதியியலின் முறை.

அலுமினியம் காற்றில் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வை கீறினால், காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு தானே தைத்துக்கொள்ளும். ஆனால் தொட்டிக்கும் மேடைக்கும் நடுவே ஈரக் கம்பளமோ நுரைப் பஞ்சோ இருந்தால் உப்புநீர் அங்கேயே தேங்கும். ஆக்சிஜன் போய்ச் சேராது. போர்வை கிழிந்தால் தைக்க ஆளில்லை. மேலே பளபளக்கும் தொட்டி, அடியில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து ஒருநாள் ஒழுகத் தொடங்கும்.

எவர்சில்வர் பட்டையை அலுமினியத்தின் மேல் நேரடியாக இறுக்குவதும் ஆபத்து. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர்: இது நீங்கள் ஆய்வகத்தில் செய்யும் மின்கலமேதான். இதில் கரைந்துபோவது அலுமினியம்.

அதனால்தான் மேலே சொன்ன விதிகள், உலோகத் தொட்டிக்கும் அதன் தாங்கிகள், வார்களுக்கும் நடுவே ஈரம் உறிஞ்சாத ஒரு பொருளை வைக்கச் சொல்கின்றன. தொட்டியின் தலைமேல் தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வேண்டும் என்றும் சொல்கின்றன. அடியில் பட்டை பட்டையாகத் திண்டுகள் வைத்து, இடையிடையே காற்று போக வழி விடுவது நல்ல முறை.

திண்டுக்கு என்ன ரப்பர்? இங்கே நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து மரம் சீவி எடுத்த பாலில் உருவாகும் இயற்கை ரப்பர், டயருக்கு மிக நல்லது. பெட்ரோலுக்கு ஆகாது. பெட்ரோலை உறிஞ்சி வீங்கி, வலுவிழந்துவிடும். எனவே எண்ணெய் படும் இடங்களில் நைட்ரில் போன்ற செயற்கை ரப்பரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வளரும் தொட்டி

"அலுமினியம் வேண்டாம், பிளாஸ்டிக் தொட்டி வைத்துவிடலாம்" என்று தோன்றுகிறதா? அது துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் அது வளரும்! பாலித்தீன் தொட்டியில் முதன்முறை பெட்ரோல் ஊற்றினால், சுவர் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சி ஏறத்தாழ 2 விழுக்காடு நீளும். ஒரு மீட்டர் நீளத் தொட்டி 2 சென்டிமீட்டர் கூடும். கட்டைகளை நெருக்கி அடித்திருந்தால் தொட்டி புடைத்துக்கொள்ளும்.

ஆகவே முறை மாறுகிறது. பிளாஸ்டிக் தொட்டி மென்மையானது. அதன் அடிப்பாகம் முழுவதும் சமமான மேடையில் உட்கார வேண்டும். சுற்றிலும் வளர இடம் விட வேண்டும். உலோகத்துக்குக் காற்று இடைவெளி, பிளாஸ்டிக்குக்கு முழு மேடை. ஒன்றின் முறையை மற்றதற்குப் பயன்படுத்தினால் தவறாகிவிடும்.

ஒரு கோப்பை போதும்

இத்தனை கவனமும் எதற்காக? ஒழுகும் பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது பறந்து போகாது. தண்ணீர் போலத் தாழ்வான இடம் தேடி, படகின் அடிப்பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். தரையில் நிற்கும் காரில் பெட்ரோல் ஒழுகினால் ஆவி வெளியே பரவ வழி உண்டு. படகோ ஒரு கிண்ணம்.

சிறு கணக்கு ஒன்று. 200 மில்லிலிட்டர் பெட்ரோல், ஒரு தேநீர்க் கோப்பை அளவு, முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 35 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். அப்படியானால் அந்த ஒரு கோப்பை, சுமார் 2,500 லிட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்கப் போதும். சிறு படகு ஒன்றின் தளத்துக்குக் கீழே பெரும்பாலும் அவ்வளவு காற்றுகூட இருக்காது. என்ஜினை முடுக்கும்போது எழும் ஒரு பொறி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

டீசல் இந்த வகையில் சாது. சூடேறாமல் எளிதில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகாது. பெட்ரோலோ சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் ஆவியைத் தரும். நம் நாட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இதனால் பெட்ரோல் தொட்டியின் எல்லாத் திறப்புகளும் அதன் உச்சியில் இருக்க வேண்டும். பக்கத்திலோ அடியிலோ குழாய் வைக்கக் கூடாது. மூச்சுக் குழாயின் வாய் படகுக்கு வெளியே திறக்க வேண்டும். என்ஜின் உள்ளே இருக்கும் படகில், முடுக்குவதற்கு முன் நான்கு நிமிடமாவது காற்றோட்டி விசிறியை ஓட விட வேண்டும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. 80 லிட்டர் பெட்ரோல் 15 பாகை சூடேறினால் ஒரு லிட்டருக்கு மேல் விரியும். அந்த ஒரு லிட்டருக்கு உள்ளே இடம் இல்லையென்றால் அது வெளியே வரும்.

அடி வாங்கிப் பழகிய தொட்டி

தொட்டி தாங்குமா என்பதைக் கடலில் போய்ச் சோதிக்க முடியாது. சோதனைச் சாலையில் அடித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க விதிப்படி 25 காலனுக்கு, அதாவது சுமார் 95 லிட்டருக்குக் குறைவான தொட்டி, புவியீர்ப்பைப் போல 25 மடங்கு அதிர்ச்சியை 1,000 முறை தாங்க வேண்டும். நம் 60 கிலோ பெட்ரோலை 25-ஆல் பெருக்கினால் 1,500 கிலோ. ஏறத்தாழ ஒன்றரை மைவி கார் ஏறி உட்காருவது போல, ஆயிரம் தடவை! தீச்சோதனையும் உண்டு: இரண்டரை நிமிடம் நெருப்பில் தாக்குப்பிடிக்க வேண்டும்.

படகின் அடிகளை நம் மக்களும் நன்கு அறிவார்கள். 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடா திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடாக இருந்தது. துறைமுகம் இல்லாத இந்தியக் கிழக்குக் கரையில் உடையும் அலைகளைக் கடந்து மணலில் மோதி நிற்கும் படகுகளுக்கு, டீசல் என்ஜினையும் சுழல்விசிறியையும் சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பை அங்கே உருவாக்கினார்கள். கரையில் மோதும் படகுக்குள் எதுவும் "தன் எடையில்" நிற்காது என்பதை அந்த மீனவர்கள் நாள்தோறும் பார்த்தவர்கள்.

செய்து பாருங்கள்

(பெட்ரோலோ வேறு எரிபொருளோ வேண்டாம். தண்ணீர் போதும்.)

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, மேசைமேல் தள்ளிச் சட்டென நிறுத்துங்கள். தண்ணீர் அடங்க எத்தனை நொடி? அடுத்து, பிளாஸ்டிக் அட்டையை டப்பாவின் குறுக்கே பொருந்தும்படி வெட்டி, கீழே இரண்டு சிறு துளை போட்டு, நடுவில் செருகுங்கள். அதே வேகத்தில் தள்ளி மீண்டும் எண்ணுங்கள். கடைசியாக டப்பாவை முழுக்க நிரப்பி மூடித் தள்ளுங்கள். மூன்று எண்களையும் எழுதி வைத்து, பழமொழி சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போர்ட்டிக்சனில் படகு ஏறினால், ஓட்டுபவர் அண்ணனோ பாக்சிக்கோ, மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "தொட்டி எங்கே இருக்கிறது? பார்க்கலாமா?" நல்ல படகோட்டி பெருமையோடு தளத்தின் மூடியைத் திறந்து காட்டுவார். வார் இறுக்கமாக இருக்கிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா, குழாயின் கழுத்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் என்ஜினை முடுக்க விடாதீர்கள். முதலில் எல்லோரும் கரையில் இறங்குங்கள். மூடியைத் திறக்கவே வழியில்லாமல் தளத்தை ஒட்டி அடைத்துவிட்ட படகு என்றால், அந்தத் தொட்டியை வைத்த நாளிலிருந்து ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.